முதிரைப் பலகையில் ஒரு தையல் மேஜை

நாள் முழுக்க உழைக்கிற மேஜைக்கு முதிரையை விஞ்சிய மரத்தை நான் பார்த்ததில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். பழைய வீட்டு மரம் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் மீதியையும் படித்துவிட்டுப் போங்கள். இந்த மரத்தில் அலுப்பும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கம் மரம் வாங்க வருகிறவர்கள் எல்லாம் ‘பர்மா தேக்கு இருக்கா’ என்றுதான் கேட்கிறார்கள். அதே கடையின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் முதிரைக் கட்டையைத் தாண்டித்தான் தேக்குக்குப் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

எனக்குத் தொழில் தையல். பள்ளத்தூரில் கடை. ரவிக்கை, பாவாடை, பட்டுச் சேலைக்கு ஓரம் அடிப்பது, பள்ளிக்கூடச் சீருடை என்று எல்லாம் வரும். இயந்திரத்தில் உட்காரும் நேரத்தைவிட நின்று வெட்டும் நேரம்தான் எனக்கு அதிகம். முன்பு இருந்தது பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டிய மேஜை. ஓரம் பெயர்ந்து பட்டு மாட்டும். துணியில் குறி பதிக்கிற பல்சக்கரமான டிரேசிங் வீலை ஓட்டி ஓட்டி மேலே புள்ளி புள்ளியாகப் பள்ளம். கத்தரியை அழுத்தி இழுத்தால் மேஜையும் கூடவே வரும். வெட்டுகிற மேஜைக்கு நான்கு குணம் வேண்டும்: மட்டமாக இருக்க வேண்டும், கீறல் விழக்கூடாது, நூல் மாட்டக்கூடாது, துணியில் எண்ணெய்ப் பசை ஏறக்கூடாது. அசையாமல் நிற்கிற கனம் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய மரத்துக்கு நம் ஊரில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருதான் இடம். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். நான் வாங்கியது அந்தத் தெருவை ஒட்டிய சந்தில், பின்பக்கம் கொட்டகை போட்டு மரம் மட்டுமே அடுக்கி வைத்திருக்கிற ஒரு கடையில். நிலை, கதவு, தூண், போதிகை, உத்திரம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஆளுக்கொரு ஊர் என்றால் கடைசியில் அந்த வீடு மரமாகவும் கல்லாகவும் பிரிந்து லாரி ஏறுகிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அதற்கு அப்புறமும் இடிப்பது நிற்கவில்லை.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவிலும் சிலோனிலும் தொழில் நடத்திய காலத்தில் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, சிலோனிலிருந்து முதிரை வந்தது என்று இரண்டும் கப்பலேறி வந்து ஒரே வீட்டில் சேர்ந்தன. தேக்குக்குப் பெயர் நிலைத்தது. முதிரையை வெளியூர்க்காரர்களுக்குச் ‘சாட்டின் வுட்’ என்று சொன்னால்தான் ஓரளவு தெரிகிறது. நம் பக்கத்து மலைக்காடுகளிலும் இதே மரம் உண்டு, புரசு என்பார்கள்.

கடைக்காரரிடம் கட்டையைக் காட்டி என்ன மரம் என்றதும், “அது முதிரைம்மா. யாரும் கேக்க மாட்டாங்க. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் தேக்கு நிறம் வராது” என்றார். அவர் குறையாகச் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்பது அங்குலச் சதுரத்தில், பத்தடிக்கு மேல் நீளமான உத்திரம். மேலே நூறாண்டுப் புகையும் சுண்ணாம்பும் ஏறிக் கறுப்பாக இருந்தது. ஒரு முனையில் ஊஞ்சல் கொக்கி மாட்டின தழும்பு.

முதிரையைக் கண்டுபிடிக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பெயர் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு முன் வேறொரு கடையில் முதிரை என்று எனக்குக் காட்டியது மஞ்சக்கடம்பு. அதுவும் மஞ்சள்தான், அழகான மரம்தான், ஆனால் கனமும் உறுதியும் இதற்குக் கிட்டே வராது. பலாவையும் சிலர் காட்டுவார்கள். அது நாளாக ஆகப் பழுப்புக்குப் போய்விடும்.

நான் செய்தது இதுதான். கட்டையின் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு இழைப்புளி ஓட்டிக் காட்டச் சொன்னேன். கறுப்பு உரிந்ததும் உள்ளே வெளிர் பொன்னிறம். அதன்மேல் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தேன். இந்தப் பக்கமிருந்து வெளிச்சமாகத் தெரிந்த கோடு, அந்தப் பக்கம் போனால் நிழலாகிறது. நிழலாக இருந்தது மின்னுகிறது. மயில்கழுத்துப் பட்டை விரலால் மடித்துப் பார்த்தால் நிறம் புரளுமே, அப்படி. நார் ஒரே திசையில் ஓடாமல் ஒரு அடுக்கு இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கு அந்தப் பக்கமுமாகப் பின்னி வளர்வதால் வருகிற மினுமினுப்பு இது. மஞ்சக்கடம்பில் இது இவ்வளவு தெரியாது, அது பெரும்பாலும் சீராக இருக்கும். நகத்தால் அழுத்தினேன், தடமே விழவில்லை. சீவலை மோந்தால் மெல்லிய மணம். அப்புறம் கனம். ஒரு முனையை மட்டும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கப் பார்த்ததும் சந்தேகமே போய்விட்டது.

எண்ணில் சொன்னால், நன்றாகக் காய்ந்த முதிரை கன அடிக்கு ஏறக்குறைய 27 கிலோ இருக்கும். தேக்கு 18, 19 கிலோ. தண்ணீரில் போட்டால் மிதப்பதா முங்குவதா என்கிற எல்லையில் நிற்கிற மரம். கடினத்தை அளக்க, ஒரு இரும்புக் குண்டைப் பாதி வரை மரத்தில் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் முதிரை தேக்கைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். டிரேசிங் வீலின் பல் இதில் இறங்காததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

எலுமிச்சை, வில்வம், விளா, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம் இது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மழை குறைந்த காடுகளில் மெதுவாக வளரும். அந்த மெதுவில்தான் இத்தனை இறுக்கம். பலம் எவ்வளவு என்பதற்கு இலங்கையில் ஒரு சாட்சி இருந்தது. 1833-இல் பேராதனையில் மகாவலி ஆற்றின் மேல் முதிரையிலேயே ஒரு பாலம் கட்டினார்கள். நடுவில் தூண் இல்லாமல் 205 அடிக்கு ஒரே வளைவு. 1905 வரை அது நின்றது. அதே மரத்தை இங்கிலாந்துக்காரர்கள் வேறு விதமாகக் கொண்டாடினார்கள். தாள் போலச் சீவி அலமாரி, மேஜைகளின் மேல் ஒட்டி, அந்தப் பொன் மினுக்கத்துக்காகவே விலை கொடுத்தார்கள். முதலில் அவர்களுக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இதே குடும்பத்து வேறொரு மரம் போயிற்று, பின்னால் நம் பக்கத்து மரம் அந்த இடத்தைப் பிடித்தது. பாலத்துக்கும் உதவி பீரோவின் மேல்தோலுக்கும் உதவுகிற மரம் வேறு எத்தனை இருக்கும்?

உத்திரத்தில் ஆறடி நீளம் வெட்டி வாங்கினேன். அறுவை மில்லில்தான் முதல் சிரமம். பழைய வீட்டு மரம் என்றாலே மில்காரர்கள் யோசிப்பார்கள், உள்ளே ஆணி இருந்தால் பிளேடு போய்விடும். காந்தம் வைத்துத் தடவி, கொக்கித் தழும்பில் முறிந்து நின்ற இரும்பைத் தோண்டி எடுத்த பிறகுதான் ஏற்றினார்கள். அப்படியும் தேக்கு அறுப்பதைவிட மெதுவாகத்தான் அறுக்க வேண்டியிருந்தது, கூலியும் கூடத்தான். அது நியாயம். ஐந்து பலகை கிடைத்தது. மேஜைக்கு நான்கு, ஒன்று மிச்சம்.

ஆசாரி தேவகோட்டைக்காரர், பழைய வீட்டு வேலைகளில் கை தேர்ந்தவர். பலகையைப் பார்த்ததும், “அக்கா, இதுல எனக்கு ரெண்டு நாள் கூடுதலா ஆகும், உளியத் தீட்டவே நேரம் சரியாப் போயிரும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். “எத்தனை நாளானாலும் சரிண்ணே, மேல் மட்டும் வழுவழுன்னு இருக்கணும்” என்றேன். நார் பின்னியிருப்பதால், இழைப்புளி ஒரு கோட்டில் வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்துக் கோட்டில் பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கிரேப் சில்க்குக்குத் தெரியும். அவர் செய்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. இழைப்புளியைப் பாதியில் நிறுத்திவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டை இரண்டு கையாலும் பிடித்துச் சற்றுச் சாய்த்துச் சுரண்டத் தொடங்கினார். தூளாக இல்லாமல், வெங்காயத் தோலைவிட மெல்லிய சுருளாக வந்தது. விளிம்பு மழுங்கினால் வேறு துண்டு. அப்புறம் உப்புத்தாள் 120, 180, 320 என்று வரிசையாக. கடைசித் தாள் போட்டபோது என் பழைய ஷிபான் துப்பட்டா ஒன்றை மேலே போட்டு நான்கு மூலையிலும் இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் மாட்டவில்லை.

ஒன்றை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். முதிரைத் தூள் சிலருக்கு உடம்புக்கு ஆகாது. தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், கண்ணும் மூக்கும் எரியும். மரத்துக்குள் இருக்கிற ஒரு வேதிப்பொருள்தான் காரணம். ஆசாரிக்கு முன்கை இரண்டும் சிவந்துவிட்டது. மறுநாளிலிருந்து முழுக்கைச் சட்டை, மூக்குக்கு நல்ல மாஸ்க், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல் என்று மாற்றினோம், அடங்கியது. உப்புத்தாள் போடும் வேலையை வீட்டுக்குள் வைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். தூளை விளக்குமாற்றால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பாலிஷ் ஏறி மூடிய பிறகு எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

பலகைகளை ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். இத்தனை இறுகிய மரத்தில் பசை உள்ளே இறங்காது. ஒட்டுகிற விளிம்பை அப்போதே இழைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, எபாக்சி போட்டுத்தான் இறுக்கினார். ஸ்குரூ எல்லாவற்றுக்கும் முதலில் டிரில்லில் துளை. துளையில்லாமல் முறுக்கினால் ஸ்குரூதான் முறியும். கால்களுக்கு அதே கடையில் கிடைத்த வேங்கைக் கட்டைகள்.

பாலிஷ் விஷயத்தில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். ஆசாரி உட்பட எல்லோரும் தேக்கு நிறம் கொஞ்சம் சேர்க்கலாம், பார்க்க வசதியாக இருக்கும் என்றார்கள். ஒத்துக்கொள்ளவே இல்லை. இந்த மரத்தின் மேல் பழுப்பு பூசுவது அதன் முகத்தை மூடுவது. நம் ஊரில் பழைய வீட்டை ஓட்டலாக மாற்றும்போது முதிரைத் தூணையும் தேக்குத் தூணையும் ஒரே நிறத்தில் அடித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டைக் கட்டியவர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த வித்தியாசம் ஒரு டப்பா சாயத்தில் போய்விடுகிறது. எனக்கு வேண்டியது துணியில் ஒட்டாத பூச்சு, அதனால் எண்ணெயும் மெழுகும் கிடையாது. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் தண்ணீராகக் கரைத்து, மெல்லிசாகப் பல கை பூசி, நடுநடுவே தேய்த்து முடித்தோம். நிறம் தேனைவிடக் கொஞ்சம் வெளிறலாக நின்றது.

இப்போது மேஜை ஆறடி நீளம், 35 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். மேல்பலகை மட்டும் ஏறக்குறைய 50 கிலோ. கத்தரியை எவ்வளவு இழுத்து ஓட்டினாலும் அசைவதில்லை. கத்தரியின் கீழ்வாய் பலகையில் உரசிக்கொண்டே போகும் சத்தம்கூட மாறிவிட்டது, முன்பு கரகரவென்று இருக்கும், இப்போது ஒரே சீராக வழுக்குகிறது. மார்க்கிங் சாக் கோடு துடைத்தால் போய்விடும். குண்டூசி தவறிக் குத்தினால் ஊசிதான் வளைகிறது. கறுப்பு, கருநீலத் துணி வெட்டும்போது கீழே மஞ்சள் தளம் இருப்பதால் விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, சாயங்கால வேலையில் கண்ணுக்கு அவ்வளவு ஆறுதல்.

ரவிக்கை அளவு கொடுக்க வந்த ஆச்சி ஒருவர் மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆத்தா, இது முதிரையில்ல? எங்க ஐயா வீட்டு முகப்புத் தூணெல்லாம் இதுதான்” என்றார். அளவு எடுப்பதை விட்டுவிட்டு அந்த வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். முகப்பில் முதிரை, உள்முற்றமான வளவில் கல்தூண், கதவுக்குத் தேக்கு என்று ஒவ்வொன்றும் நினைவில் வைத்திருந்தார்.

சரி, குறைகள். முதலாவது கனம். கடையை மாற்றினால் இதைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். இரண்டாவது, கத்திரி வெயிலில் ஒரு முனையில் மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தது. பழைய மரமானாலும் அறுத்த பிறகு உள்பக்கம் புதிதாகக் காற்றைப் பார்க்கிறது இல்லையா. மரத்தூளும் எபாக்சியும் குழைத்து அடைத்தோம், அதற்குமேல் ஓடவில்லை. அறுத்த பலகையை நிழலில் கட்டை வைத்து அடுக்கி ஒரு பருவமாவது விட்டுவிட்டு வேலை தொடங்கினால் நல்லது. மூன்றாவது, வெளிச்சம் பட்டால் நிறம் கூடும். ஜன்னலோரம் ஒரு பேட்டர்ன் அட்டையைச் சில வாரம் எடுக்காமல் வைத்தால் அதன் வடிவம் வெளிறித் தெரியும். புதிதில் எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நான்காவது அரக்கின் குறை, மரத்தின் குறை இல்லை: சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். இஸ்திரிக்கு எனக்குத் தனி மேஜை.

இந்த மரம் எதற்கெல்லாம் ஆகும் என்று கேட்டால், கையும் காலும் நித்தம் படுகிற இடத்துக்கெல்லாம் ஆகும். மேஜை, பெஞ்சு, மாடிப்படிக் கைப்பிடி, நிலைப்படி. ஊஞ்சல் பலகைக்கும் அருமை, ஆனால் கொக்கியும் சங்கிலியும் கனத்துக்குத் தகுந்ததா என்று பார்த்துப் போட வேண்டும். நுணுக்கமான சிற்பவேலைக்கு வேண்டாம். நம் வாசல் கதவுகளில் யானையும் யாளியும் லட்சுமியும் தேக்கில் இருப்பதற்குக் காரணம் உண்டு, தேக்கு உளிக்கு வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. பெரிய பீரோ முழுக்க இதில் செய்தால் நகர்த்தவே முடியாது. தூள் அரிப்புத் தருகிற மரம் என்பதால் காய் நறுக்கும் பலகை, சப்பாத்திக் கட்டைக்கு நான் இதை வைக்க மாட்டேன்.

கடையைப் பற்றி: மரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள், கேட்டால் இழைத்துக் காட்டுகிறார்கள், ஓட்டை வெடிப்பு இருந்தால் கன அடியில் கழித்துக் கொள்கிறார்கள். பழைய மரத்துக்கு இதெல்லாம் எல்லா இடத்திலும் நடக்காது. எனக்குப் போட்ட விலை அன்றைய பழைய தேக்கு விலைக்குச் சற்றுக் கீழே. நிலையான விலை என்று கிடையாது, கட்டையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு, பில்லில் மரத்தின் பெயரையும் கன அடியையும் எழுதி வாங்குங்கள். புதிதாக வெட்டின முதிரை என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1998-இலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியக்கூடிய நிலையில் உள்ள மரமாகப் பட்டியலிட்டது. ஏற்கனவே வெட்டி, நூறு வருஷம் காய்ந்து, அறுக்க ஆளில்லாமல் கிடக்கிறதே, அது போதும்.

மிச்சமான ஐந்தாவது பலகையைப் பற்றி ஒரு வார்த்தை, தையல்காரர்களுக்காக. அதில் பத்து அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலத்தில் துண்டு வெட்டி, இரண்டை ஒன்றாக ஒட்டி, பக்கவாட்டில் விரல் பிடிக்கக் காடி எடுத்து, பாலிஷ் எதுவும் போடாமல் மடிப்பு அமுக்கும் கட்டையாக வைத்திருக்கிறேன். ஆவி விட்டு இஸ்திரி போட்டவுடன் தையலின் மேல் இதை அழுத்திப் பத்து எண்ணும் வரை வைத்தால், கனத்தில் சூடும் ஈரமும் அடங்கி மடிப்பு கத்தி போல உட்காரும். கோட்டு, சுடிதார் காலர், பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்புகளுக்கு இதைத்தான் எடுக்கிறேன். மேஜை செய்கிற அளவு மரம் கிடைக்காவிட்டாலும் கடையில் துண்டுகள் கிடக்கும். ஓரங்களை நன்றாக உருட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துணியில் அச்சு விழும்.